வயலுக்குக் கேட்கும்படி ஒரு பாடம்

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் காப்பிக்காகச் சண்டை போட்டது. எங்கள் தோட்டத்தில் காப்பி என்றால் கறுப்பாக, குவளை நிறைய, ஆற அமரக் குடிப்பதற்கு. இங்கே ஒரு சின்ன டம்ளர், அதிலும் பாதி நுரை. "மீதி எங்கே?" என்று கேட்டேன். காப்பிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரும்மா நீங்க?" மலேயா என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அந்த "அதான்" ஓராண்டும் என்னைத் துரத்தியது. சேலை கட்டின விதத்துக்கு அதான், சோற்றுக்கு மிளகாய் கேட்டால் அதான், வரப்பில் வழுக்கி விழுந்தால் அதற்கும் அதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போவார்கள், மூன்றாம் வகுப்புக்கும் போவார்கள். புத்தகத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி என்று முறையாகக் கற்று வர, விடுப்பு வாங்கிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பயிற்சிப் பள்ளிக்கு வந்தேன். கப்பல் கதையை விட்டுவிடுகிறேன். வாந்தியைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரரிடம் விட்டு வந்தது என் மகள் வசந்தாவை. அந்த ஆண்டுதான் அவள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். என் இடத்தில் வேறு ஒரு டீச்சரைப் போட்டிருந்தார்கள். ஊரார் பிள்ளைகளை வாசிக்க வைக்கக் கற்றுக்கொள்ள நான் கடல் தாண்டி வந்துவிட்டேன். என் பிள்ளை முதன்முதலாக எழுத்துக் கூட்டி வாசிப்பதை வேறு யாரோ கேட்கப் போகிறார்கள். கப்பல் ஏறும்போதே இது எனக்குத் தெரியும். ஆனால் விழுப்புரத்தில் காலையில் ஏதாவது ஒரு பள்ளியைக் கடந்து நடக்கும்போது, உள்ளே பிள்ளைகள் பாடம் சொல்லும் சத்தம் கேட்டால் கால் நின்றுவிடும். சத்தம் ஓய்ந்த பிறகுதான் நகர்வேன்.

விடுதியில் எனக்கு வாய்த்த அறைத் தோழி ரெஜினா. திண்டிவனத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. அவள்தான் எனக்கு "மலேயா அக்கா" என்று பேர் வைத்தது. பிறகு சமையல்கார அம்மாகூட அப்படித்தான் கூப்பிட்டாள். என் சொந்தப் பேரை நான் திரும்ப ஊருக்குப் போய்த்தான் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை ரெஜினா என்னைத் திண்டிவனத்துக்குக் கிளப்பினாள். அங்கே அவள் சின்ன வயதில் படித்த பள்ளியில் ஒன்றாம் வகுப்பைப் புது முறையில் நடத்துகிறார்களாம், அரை நாள் பள்ளி உண்டாம், பார்த்தே ஆக வேண்டுமாம். பஸ் விக்கிரவாண்டி தாண்டியதும் முன்னாலிருந்து புகை கிளம்பியது. கண்டக்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கு ஓடினார். தண்ணீர் ஊற்றியும் வண்டி அசையவில்லை. "ஆம்பள பொம்பள எல்லாம் எறங்கி ஒரு தள்ளு தள்ளுங்க, ஜல்தி" என்றார். எங்கள் தோட்டத்து லாரியும் இப்படி நடுவழியில் நிற்பதுதான். அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தள்ளுவோம். இங்கே தள்ளுகிறவர்கள் பாதிப் பேர், யோசனை சொல்கிறவர்கள் மீதிப் பேர். மடியில் பலாப்பழத்தோடு ஒரு பெரியவர் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. "நான் எறங்கினா பலாப்பயத்த எவன் பாத்துக்குவான்?" என்றார். அவரையும் பழத்தையும் சேர்த்தேதான் தள்ளினோம்.

நல்லவேளை, பள்ளி விடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். அந்த வகுப்பை நான் இன்னும் மறக்கவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், கூச்சல் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. தனக்குள் முணுமுணுவென்று வாசிக்கிறார்கள். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் வாயருகே குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு போகிறார். எங்கள் பள்ளியில் நான் ஒரு வரி சொல்வேன், ஐம்பது பேர் கோரஸாகக் கத்துவார்கள். அதில் யார் வாசிக்கிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இதைக் கற்றுக்கொண்டு போய்விட்டால் போதும் என்று நினைத்தேன். வசந்தாவுக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைத்திருப்பாளா என்றும் நினைத்தேன்.

மத்தியானம் ரெஜினா வீட்டில் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, மல்லாட்டைத் துவையல். வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள். நான் களியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன். ரெஜினாவின் அம்மா பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "மெல்லாதம்மா, கொயம்புல தோச்சி அப்டியே முயுங்கு." முழுங்கினேன். குழம்பு வாசனையில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்படி கண்முன் வந்துவிட்டது. கருவாடு பொரித்தால் வசந்தா சட்டியருகே வந்து உட்கார்ந்துகொள்வாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "காரமா?" என்று அந்த அம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் எங்களைக் கிராமங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த அனுப்பினார்கள். எனக்கும் ரெஜினாவுக்கும் விழுந்தது காணைப் பக்கம் ஒரு ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பிலே நடக்க வேண்டும். ஓடு போட்ட ஒற்றை அறைப் பள்ளி, மூன்று பக்கமும் நெல் வயல். பெரிய வகுப்புகளைத் தலைமையாசிரியர் வெளியே புளியமரத்தடியில் வைத்துக்கொண்டார். அறையும் ஒன்றாம் வகுப்பும் எங்களுக்கு. நடவுக் காலம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் கூலிக்கு நடவு நடும் பெண்களின் பிள்ளைகள். மதியச் சாப்பாட்டுக்கு விறகும் காய்கறியும் ஊர் வீடுகள் முறை வைத்துத் தந்துகொண்டிருந்தன.

முதல் நாள் போனதும் பிள்ளைகள் கூரையைப் பிளக்கிற மாதிரிப் பாடத்தைக் கத்தினார்கள். புத்தகத்தைப் பிடுங்கி வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் அதே பாடத்தைத்தான் கத்தினார்கள். ரெஜினா என்னைப் பார்த்தாள். "எங்கள் தோட்டம்தான், சந்தேகமே இல்லை" என்றேன். மறுநாளே கோரஸை நிறுத்தினோம். அட்டைகள் எழுதினோம், விரலால் எழுதிப் பழக வாசலில் மணல் பரப்பினோம். ஒவ்வொரு பிள்ளையின் வாயருகேயும் குனிந்து கேட்டோம். இரண்டு மூன்று நாளில் அறை அப்படி அமைதியாகிவிட்டது, வெளியே மாடு மூச்சு விடுவது கேட்டது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் முழங்கால் வரை சேறோடு நடவுப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் பச்சையம்மா. நீலச் சேலையை வரிந்து கட்டியிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துக்கு லீவு வுட்டுட்டிங்களா?"

"இல்லையே அம்மா, நடக்கிறதே."

"நடக்குதா? ஒரு சத்தத்தியும் காணோம். புள்ளைங்க பாடம் சொல்றது கேட்டுக்கினு இருந்தா, சரி, குந்திக்கினு கீதுங்க, கெணத்தாண்ட போவலன்னு கை பாட்டுக்கு நட்டுக்கினு போவும். இப்ப நிமுந்து நிமுந்து பாக்க வேண்டியதா கீது. மேஸ்திரி வையிறான்."

நான் புது முறையை விளக்கினேன். திண்டிவனத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பச்சையம்மா கடைசியில், "அதெல்லாம் சரிங்க டீச்சரம்மா. எம் பொண்ணு அங்கம்மா கீறா இல்ல, வூட்ல வாயே தொறக்க மாட்டா. இங்கதான் இந்தப் போடு போடறா. அம்மாம் புள்ளைங்க கத்தனாலும் அவ கொரலு கணீர்னு மேல வரும். அத்தக் கேட்டுக்கினேதான் நான் நாத்து நடறேன். அத்த நிறுத்திட்டிங்களே" என்றாள்.

அங்கம்மாவை எனக்குத் தெரியும். மூலையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கிற பெண். கோரஸில் கணீரென்று மேலே கேட்டது கடைக்காரர் மகள் கோமதியின் குரல். அதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அம்மாக்கள் கண்ணெதிரே இருக்கட்டும் என்று வரப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். விறகும் வரவில்லை. தலைமையாசிரியர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு அறைக்குள் வந்தார். "உங்க மொறை நல்ல மொறையாவே இருக்கட்டும்மா. ஊரு கை வுட்டுட்டா இது பள்ளிக்கூடம் இல்ல, நாலு செவுரு. ஜல்தியா ஒரு வழி பண்ணுங்க" என்றார். ரெஜினா, "பேசாம கத்த வுட்டுடலாம் அக்கா, எதுக்கு இந்தப் பேஜாரு" என்றாள்.

நான் வயலுக்கு நடந்தேன். போகிற வழியில் வழுக்கி விழுந்தேன், அதான். நடவுப் பெண்களுக்குப் பின்னால் வரப்பில் நின்று பள்ளிப் பக்கம் காதைக் கொடுத்தேன். தவளை, பறவை, சேற்றில் கால் பெயரும் சத்தம். ஓட்டுக் கூரை தெரிகிறது, உள்ளே பிள்ளை இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. இவர்களுக்கு ஒரு வயல் தூரம். எனக்கு ஒரு கடல் தூரம். ஒரு வயல் தூரத்துக்காவது பிள்ளையின் குரல் எட்டினால் அதைப் பிடுங்க நான் யார்?

அன்று சாயங்காலம் ரெஜினாவும் நானும் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். கோரஸ் வேண்டாம். மற்றப் பிள்ளைகள் அட்டையை முணுமுணுவென்று வாசிக்கட்டும். ஒரு பிள்ளை மட்டும், முறை வைத்து, வயலைப் பார்த்த ஜன்னலில் நின்று, தனியாக, வயலுக்குக் கேட்கும்படி நாலு வரி வாசிக்க வேண்டும். பெண்களிடம் போய்ச் சொன்னேன். "ஒரு புள்ள கொரலு மட்டுமா? கேக்குமா?" என்றார்கள். கேட்டுப் பாருங்கள் என்றேன்.

கேட்டது. ஜன்னலில் பிள்ளை தொடங்கியதும் நடவுப் பாட்டு நின்றுவிடும். யாருடைய பிள்ளையோ அவள் மட்டும் நிமிர்ந்து, சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் பங்கு நாற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் நட்டு வரிசையைச் சரிக்கட்டிக்கொள்வார்கள். மேஸ்திரிக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். விறகு வந்தது. ஒரு நாள் கூடை நிறைய முருங்கைக்கீரை வந்தது. தன் குரல் அம்மாவுக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் தங்கள் முறைக்கு முதல் நாளே அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டார்கள். ஆறு மாதம் பயிற்சிப் பள்ளியில் எழுதிக்கொண்டதெல்லாம் செய்யாததை அந்த ஜன்னல் செய்தது.

அங்கம்மா மட்டும் ஜன்னல் பக்கமே வரவில்லை. முறை வந்தால் மூலையோடு ஒட்டிக்கொள்வாள். கட்டாயப்படுத்தினால் கண்ணில் தண்ணீர் முட்டும். பச்சையம்மா தினமும் சாயங்காலம் வாசலில் நிற்பாள். "எம் பொண்ணு மொறை எப்ப வரும் டீச்சரம்மா?" வரும், வரும் என்பேன். ஒரு நாள் அவளே விஷயத்தை உடைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள்ல நடவு முடிஞ்சிடும். நாங்க திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்ட ஆயப் பூடுவோம். இவ படிக்கறான்னுதான் பக்கத்து வூட்ல வுட்டுட்டுப் போலாம்னு கீறேன். படிக்கலன்னா சொல்லிடுங்க. இட்டுக்கினு போறேன். கூட ரெண்டு கையி கெடச்ச மாதிரி ஆவும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடலைக் கொல்லைக்குப் போன பிள்ளை திரும்பி வந்து எந்த வகுப்பில் உட்காரும்? எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வாளி தூக்கப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை போனால் போனதுதான்.

அங்கம்மாவைப் புத்தகத்தோடு விட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. ஜன்னலருகே என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டேன். எட்டிப் பார்த்தாள். பிறகு, "அம்மா நிக்குது" என்றாள். அதை அட்டையில் எழுதினேன். இது நீ சொன்னது என்று காட்டினேன். நம்பவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுநாள் "அம்மா நீலச் சீலை கட்டிக்கினு நிக்குது" என்றாள். அப்படியே எழுதினேன். அதற்கடுத்த நாள் கொக்கு வந்தது, மழை வந்தது, மாடு வந்தது. சொல்லும் அவளுடையது, அம்மாவும் அவளுடையவள். அதனால் விரலை வைத்து மெல்ல வாசித்தாள். அம்மா, மழை, மாடு எல்லாம் பாடப் புத்தகத்திலும் இருப்பதை ஒரு நாள் அவளே கண்டுபிடித்து என் முந்தானையை இழுத்தாள். அன்று விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. என் வசந்தா எந்தச் சொல்லை முதலில் கண்டுபிடித்தாளோ, யார் முந்தானையை இழுத்தாளோ.

நடவு முடியும் நாள் வந்துவிட்டது. கடைசித் துண்டு நிலம், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். "இன்று உன் முறை, அம்மா நாளைக்கு இங்கே இருக்க மாட்டாள்" என்று அங்கம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், தலையாட்டினாள். அவள் இதுவரை பார்க்காத ஒரு பாடத்தைத் திறந்து ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு நான் வயலுக்குப் போனேன். பச்சையம்மாவுக்குக் கேட்பதுபோல எனக்கும் கேட்க வேண்டும். வரப்பில் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குரல். மெல்லிய குரல். ஒரு சொல், ஒரு மூச்சு, ஒரு சொல். "மழை... வருகிறது. மாடு... வீட்டுக்கு... வருகிறது." நடவுப் பாட்டு நின்றது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நிமிரவில்லை. பச்சையம்மாவும் குனிந்தபடியே கையை நிறுத்திவிட்டு, "யாரு வூட்டுப் புள்ள டீச்சரம்மா இது? புதுசா கீது. நெதானமா, அயகாப் படிக்குதே" என்றாள்.

"உங்கள் அங்கம்மாதான்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்று நழுவித் தண்ணீரில் விழுந்தது. குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் பள்ளிக் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் இத்தினி நாளாக் கேட்டுக்கினு இருந்தது?"

பக்கத்தில் நின்ற பெண் அவள் தோளைத் தொட்டாள். பச்சையம்மா சேற்றுப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சேறு. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "இன்னொரு தபா படிக்கச் சொல்லுங்க டீச்சரம்மா. அவ கொரலு எப்டின்னு நான் தெரிஞ்சிக்கணும்" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினேன். ரெஜினா புரிந்துகொண்டாள். மழை மறுபடி வந்தது, மாடு மறுபடி வீட்டுக்கு வந்தது. பச்சையம்மா வாய்க்குள்ளே கூடவே சொல்லிப் பார்த்தாள். அவள் பங்கு நாற்றை மற்றவர்கள் நட்டு முடித்தார்கள்.

மறுநாள் பெண்கள் கூட்டமாகத் திண்டிவனம் பக்கம் போனார்கள். அங்கம்மா பக்கத்து வீட்டில் தங்கினாள், பள்ளிக்கு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே இப்போது யாரும் இல்லை. நட்ட பயிர் மட்டும். இருந்தாலும் தன் முறை வந்தால் அவள் வயலைப் பார்த்துத்தான் வாசித்தாள், சத்தமாகவே.

கோடையில் என் பயிற்சி முடிந்தது. ரெஜினா ஜங்ஷனுக்கு வந்து ஒரு துணி மூட்டை மல்லாட்டையை ரயில் ஜன்னல் வழியே திணித்தாள். "கப்பல்ல வாந்தி எடுக்காம இதக் கொறிச்சிக்கினே போங்க அக்கா" என்றாள். பிளாட்பாரத்துக் காப்பியைக் கடைசியாக ஒரு தடவை வாங்கிக் குடித்தேன். பாதி நுரைதான். இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு வந்திருந்தார். வசந்தாவுக்குப் பள்ளி நாள், அதனால் அழைத்து வரவில்லை என்றார். தோட்டத்து லாரி எங்களைப் பள்ளிக்கு எதிரே ரப்பர் மரங்களுக்குள் இறக்கிவிட்டுப் போனது. வெயில் சாய்ந்த நேரம். பால் மரத்து வாசனை. பள்ளிக் கொட்டகையிலிருந்து ஒரு பிள்ளை தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. தடுமாறாத, கொஞ்சம் அதட்டலான குரல். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். என் பழைய வகுப்பில் இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. புது டீச்சர் கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"யார் வீட்டுப் பிள்ளை இது, இவ்வளவு நல்லா வாசிக்குது?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து என் பெட்டியை எடுத்துக்கொண்டார். "போய்ப் பாரு" என்றார்.